பிற கருத்துகள்

புள்ளியியல் சார் யாரையும் பாராட்ட மாட்டார். பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கட்சி. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவனைக் கூப்பிட்டு, மீதிப் பத்தை எங்கே தொலைத்தாய் என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்ட மனிதர் அந்த வியாழக்கிழமை, பி.காம் மூன்றாம் ஆண்டு மாலை வகுப்பில், ஓர் அறிக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பேருதான் களப்பணி" என்றார்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது பெஞ்சில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் அட்டவணை. எதற்கெடுத்தாலும் கட்டம் போடுவாள். தேர்வுக்குப் படிக்க ஒரு கட்டம், படிக்காமல் போன நாளுக்கு ஒரு கட்டம், ஏன் படிக்கவில்லை என்பதற்குத் தனியாக ஒரு பத்தி. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் எண்களைப் பதிவேட்டில் எழுதி, எழுதியது சரியா என்று இரண்டாம் முறை பார்த்து, பார்த்தது சரியா என்று மூன்றாம் முறையும் பார்ப்பாள். ஐந்து மணிக்கு அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து ஐந்தரைக்கு வகுப்பில் உட்காருவாள்.

"மத்த க்ரூப் எல்லாம் ஆமா, இல்லைன்னு டிக் வாங்கிட்டு வந்திருக்கீங்க. இவங்க மனுஷங்ககிட்டப் பேசியிருக்காங்க. கேளுங்க" என்று சார் ஒரு பக்கத்தைப் பிரித்தார். "'மழைக்காலத்தில் என் சீருடை காய்வதே இல்லை. ஈரச் சட்டையோடு வார்டில் நிற்கிறேன்.' செவிலியர், வயது முப்பத்தொண்ணு. இன்னொண்ணு. 'மனைவி போன பிறகு எனக்குச் சட்டை மடிக்கத் தெரியவில்லை என்பதே தெரிந்தது.' ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு. இதெல்லாம் எங்க இருக்கு? பிற கருத்துகள்னு கடைசியில ஒரு கட்டம் விடறோமே, அதுல. நீங்க எல்லாரும் அங்க கோடு போட்டு விட்டிருக்கீங்க."

முன் பெஞ்சில் இருந்த மைக் திரும்பி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். குரல் அப்படி, அவன் கிசுகிசுத்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், அதனால் மைக். அவனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. கல்யாணமாகி நாலு மாதம். இன்னும் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. இந்த மூவரும்தான் அந்தக் குழு.

வேலை இதுதான். கல்லூரிக்கு அக்கம்பக்கத்தில் ஒரு சின்னக் கடையைப் பிடிக்க வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டு வாங்க வேண்டும். நூறு பேரிடம் சர்வே எடுத்து அதற்கு விடை சொல்ல வேண்டும். இவர்கள் பிடித்தது கல்லூரிக்குப் பின்தெருவில் இருக்கும் லாண்ட்ரி அக்காவை. அக்காவின் கேள்வி: கால்வாய்க்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடி வளாகத்துக்குக் கடையை மாற்றினால் ஆள் வருமா, வராதா?

நூறு படிவத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மைக் தன் முப்பத்து மூன்றை ஜிம்மில் முடித்தான். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் நடந்த விசேஷம் ஒன்றில் பந்திக்குக் காத்திருந்தவர்களிடம் நீட்டினான். மருமகன் கேட்டால் மாட்டேன் என்பார்களா? அட்டவணை மட்டும்தான் நேர்மையாகக் கால்வாயைத் தாண்டிப் போனாள். வளாகத்தின் வாசலில் மூன்று மணி நேரம் நின்றாள். அந்நியர்களை நிறுத்திப் பேசுவதற்கு ஒரு தனி வாய் வேண்டும். அது அவளுக்கு இல்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் தெருமுனைக்குப் போயிருப்பார். பதினொரு படிவம் தேறியது. பாக்கி இருபத்து மூன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்த இருபத்து மூன்றையும் அவளே நிரப்பினாள்.

அதிலும் ஒழுங்குதான். முதலில் ஒரு கட்டம் போட்டாள்: வயது, தொழில், எத்தனையாவது மாடி, வீட்டில் எத்தனை பேர். மூன்று நிறப் பேனா. நான்கு படிவம் இடது கையால். ஐந்தாவது, பன்னிரண்டாவது, பத்தொன்பதாவது படிவங்களில் மட்டும் டீ டம்ளரை வைத்துக் கறை வட்டம் எடுத்தாள். வெறுமனே டிக் அடித்துவிட்டுப் போக மனசு வரவில்லை. ஒவ்வொருவரும் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்து, கடைசிக் கட்டத்தில் அவர்கள் வாயால் ஒரு வரி எழுதினாள்.

அண்ணி கறிகாய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, ஊர் ஜனத்தையே நீயே பெத்துப் போடறியா?"

"ப்ராஜெக்ட் அண்ணி."

"சரி, அந்த ஆறாவது மாடிக்காரிக்கு ரெட்டைப் பிள்ளையாப் போடு. துணி நிறைய இருக்கும்."

போட்டாள். இரட்டைப் பிள்ளைக்காரி பிறந்தது அப்படித்தான்.

இப்போது சார் அந்த இரட்டைப் பிள்ளைக்காரியையும் வாசித்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து பின்தெரு வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது லாண்ட்ரி திறந்திருந்தது. இரண்டு கடைகளுக்கு நடுவே செருகி வைத்தது போன்ற இடம் அது. உள்ளே எப்போதும் விளக்கு எரியும். எரியாவிட்டால் கறுப்புத் துணியும் நீலத் துணியும் ஒன்றுதான். சுவரில் ஈரம் ஏறி, நாள்காட்டி மாட்டிய ஆணி துருப்பிடித்திருந்தது. அக்கா ஒரு வெள்ளைச் சட்டைக் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் அடையாள எண் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே வாடிக்கையாளரைத் திட்டக்கூடியவள்.

"ஏ பொண்ணே, நில்லு. உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

அட்டவணை நின்றாள்.

"எழுதிட்டேன்" என்று அக்கா மேசை இழுப்பறையைத் தட்டினாள். "காலி பண்றேன்னு லெட்டர். சனிக்கிழமை சாயங்காலம் கட்டடக்காரர் வராரு, கையில குடுத்துடுவேன். ஒப்பந்தம் முடியுது. இருக்கறதுன்னா இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். போறதுன்னா மொபைல் கடைக்காரன் ஒருத்தன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறான், மறுநாளே உள்ள வந்துடுவான்."

"அப்படீன்னா... திரும்பி வர முடியாதா அக்கா?"

"விட்ட இடம் விட்டதுதான். எதுக்குத் திரும்பி வரணும்? நீங்க குடுத்த ரிப்போர்ட் புஸ்தகத்தை மூணு தடவை படிச்சேன். அந்தச் சதவீதம் கிதவீதம் எல்லாம் எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. கடைசில ஒட்டி வெச்சிருந்தீங்களே, ஒவ்வொருத்தர் எழுதினதும் அப்படியே, அதைத்தான் படிச்சேன்." அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அந்த நர்ஸ் பொண்ணு. ஈரச் சட்டையோட நிக்கறாளாமே, பாவம். அவளுக்கு ராத்திரி குடுத்தா காலைல கையில இருக்கும், நான் சொல்றேன் பாரு. அப்புறம் அந்தப் பெரியவர்."

அட்டவணை கேட்டாள்: "எந்தப் பெரியவர்?"

"சட்டை மடிக்கத் தெரியாதவர். எழுதினவ நீ, என்னைக் கேக்கற!"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் ஒருவர் கோட்டு ஒன்றை மேசைமேல் போட்டு, நாளைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அக்கா அவரோடு மல்லுக்கு நின்றாள். அட்டவணை "வரேன்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு நழுவினாள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. தன் பேருந்து வந்து போனதையும் கவனிக்கவில்லை.

மைக்குக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவன் மாப்பிள்ளையையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டான்.

"நீ பேசாம இரு. மார்க் போட்டாச்சு. சார் வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திருக்கு. அதைப் போய்க் கலைப்பியா?" என்றான் மைக்.

"அக்கா கடையைக் காலி பண்றாங்க."

"பண்ணட்டும். புது இடம், புது பில்டிங். நல்லாத்தான் ஓடும்."

"ஓடலைன்னா?"

"நாம என்ன கையைப் பிடிச்சா கூட்டிட்டுப் போறோம்? அறிக்கை முதல் பக்கத்துலயே போட்டிருக்கே, 'கல்வி நோக்கத்துக்காக மட்டும்'னு."

மாப்பிள்ளை இடையில் புகுந்தான். "அட்டவணை, நீ சொன்னா என்னோடதும் வெளிய வரும். எங்க மாமனார் வீடு கால்வாய்லேர்ந்து நாப்பது கிலோமீட்டர். சார் முகவரியைப் பாத்தா நான் செத்தேன். அங்க பொண்டாட்டி வேற, புருஷனோட பேர் பேப்பர்ல வந்த மாதிரி அந்த அறிக்கையை எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருக்கா."

"என்னோடதை மட்டும்தான் சொல்வேன்."

"நூல் ஒண்ணை இழுத்தா துணி மொத்தமும் வரும்மா" என்றான் மைக். அவன் குரலுக்குப் போனே தேவையில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கடையில் இரண்டு லென்ஸ் எண்களை இடம் மாற்றி எழுதினாள். மூன்றாம் முறை பார்த்ததில் பிடித்துவிட்டாள். தான் எழுதியது ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால்? நர்ஸ் இல்லாத வளாகம் உண்டா? மனைவியை இழந்த ஒருவராவது ஏதாவது ஒரு மாடியில் இல்லாமலா போவார்? இல்லாததை எழுதினோமா, பார்க்காததை எழுதினோமா? இரண்டும் ஒன்றா? பகல் முழுக்க இதுவே ஓடியது. நாலரைக்குத் தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். வகுப்புக்குப் போகவில்லை. இருபத்து மூன்று வெற்றுப் படிவங்களோடு கால்வாயைத் தாண்டினாள்.

"யாரைப் பாக்கணும்?" என்றார் வாட்ச்மேன்.

"யாரையாவது."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இப்படி ஒரு பதில் கேட்டதில்ல. சரி, ஏ பிளாக் போம்மா. ஏதாவது விக்கறதுன்னா உள்ள விட மாட்டேன்."

"எதுவும் விக்கல. கேக்கத்தான் வந்தேன்."

முதல் கதவில் மணியை அழுத்தும்போது விரல் வியர்வையில் நனைந்திருந்தது. இரண்டாவது கதவில் கொஞ்சம் காய்ந்தது. ஆறாவது கதவுக்கு அப்புறம் கூச்சப்பட நேரமில்லை. மாடிக்கு மாடி ஏறி இறங்கியதில் கால்தான் கெஞ்சியது. இருபத்து மூன்று கதவு தட்டினாள். ஒன்பது திறந்தன.

ஒன்பதில் ஏழு வீட்டில் சலவை இயந்திரம் இருந்தது. ஒரு வீட்டில் அவள் கேள்வி கேட்கக் கேட்கவே பின்னால் அது உறுமிக்கொண்டிருந்தது. எட்டாவது வீட்டில் இஸ்திரிக்கு மட்டும் கொடுப்போம் என்றார்கள். ஒன்பதாவது வீட்டுக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்: "கடை எப்போ திறப்பாங்க?"

"காலைல ஏழு."

"எப்போ மூடுவாங்க?"

"எட்டரை."

"நான் ஆறுக்குப் போறேன், ஒன்பதுக்கு வரேன். இன்னைக்கு ஏதோ அதிசயமா வீட்டுல இருக்கேன். துணியை யாரும்மா குடுக்கறது, யாரு வாங்கறது?"

ஒவ்வொரு கதவிலும் கடைசியில், "பிற கருத்துகள் ஏதாவது?" என்று கேட்டாள். ஒன்பது பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "அப்படி ஒண்ணும் இல்லையே."

சனிக்கிழமை கண்ணாடிக் கடையில் அரை நாள். ஒரு மணிக்கு லாண்ட்ரிக்குள் நுழைந்தாள். இஸ்திரி போடுகிறவர் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு அப்போதுதான் வெளியே போனார்; சனிக்கிழமை அவருக்கும் அரை நாள்தான். அக்கா தனியாக நின்று விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா. அந்த முனையைப் பிடி."

பிடித்தாள். மடிப்பு மடிப்பாக இருவரும் நெருங்கி வந்தார்கள். கடைசி மடிப்பில் முகத்துக்கு முகம் வந்தபோது சொன்னாள். "அக்கா, அந்த நர்ஸ் இல்ல."

"வீடு மாத்திட்டாளா?"

"இல்லக்கா. அப்படி ஒரு ஆளே இல்ல. நான் எழுதினது."

அக்காவுக்கு உடனே விளங்கவில்லை. விரிப்பை அடுக்கின்மேல் வைத்து, கையால் நீவிவிட்டாள். "அவளுக்காக நீ எழுதினியா?"

"நானே அவளை எழுதினேன். இருபத்து மூணு பேர் அப்படி. ஆள் கிடைக்கல, எனக்குப் பேச வரல. வீட்டுல உக்காந்து நானே நிரப்பிட்டேன்."

"பெரியவர்?"

"இல்ல."

"ரெட்டைப் பிள்ளைக்காரி?"

"அவ எங்க அண்ணி சொன்னது."

"நாலாவது மாடில, திரைச்சீலையைத் துவைக்க முடியலைன்னு, முழங்கால் வலின்னு..."

"இல்லக்கா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்றுதான் அட்டவணை எதிர்பார்த்திருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று பேருந்தில் வரிசையாக யோசித்தும் வைத்திருந்தாள். ஆனால் அக்கா முகத்தில் இருந்தது வேறு. நெருங்கிய சொந்தத்தில் சாவுச் செய்தி வந்ததும் முதலில் எதுவும் பேசாமல் இருப்பார்களே, அது மாதிரி.

"நான் அந்தப் பெரியவருக்குச் சட்டை மடிக்கச் சொல்லித் தரணும்னு நெனச்சேண்டி" என்றாள் கடைசியில். பிறகுதான் கோபம் வந்தது. வந்ததும் சும்மா வரவில்லை. "படிச்ச பிள்ளைங்கன்னு நம்பிக் கேட்டேன். என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்களே மூணு பேரும்! வயித்துப் பொழப்புல விளையாடறதுக்குத்தான் காலேஜ் வெச்சிருக்காங்களா? மார்க் வேணும்னா உங்க வீட்டுக் கடையை மூட வேண்டியதுதானே!"

அட்டவணை பையிலிருந்து ஒன்பது படிவங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது நேத்துப் போய்க் கேட்டது. நிஜமாக் கேட்டது."

"இது நிஜம்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி.

அக்கா ஒன்பதையும் புரட்டினாள். கடைசிக் கட்டங்கள் காலியாக இருந்தன. எழுந்து, கொண்டையை இறுக்கிக்கொண்டாள். "மீதி வெத்துப் பேப்பர் இருக்கா? குடு."

"எதுக்குக்கா?"

"நீ கேட்டது போதும். நான் போய்க் கேட்டுட்டு வரேன். கடையைப் பாத்துக்க. சீட்டு இல்லாம துணி குடுக்காதே. கறுப்பையும் நீலத்தையும் கலக்காதே. நாலரைக்குக் கட்டடக்காரர் வருவாரு, உக்கார வை." செருப்பை மாட்டியவள் திரும்பினாள். "இழுப்பறையைத் தொடாதே."

போய்விட்டாள். அக்காவின் போன் மேசையில் சார்ஜில் கிடந்தது.

அட்டவணை உட்கார்ந்தாள், எழுந்தாள், விளக்குக்குக் கீழே போய் நின்றாள். வந்தவர்களிடம் துணி வாங்கினாள். சீட்டு எழுதி, எழுதிய எண்ணை மூன்று முறை பார்த்தாள். யாரும் இல்லாதபோது தன் போனை எடுத்து, புள்ளியியல் சாருக்கு மின்னஞ்சல் எழுதினாள். நான்கு முறை அழித்து எழுதியதில் கடைசியில் தேறியது மூன்று வரி: அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள இருபத்து மூன்று படிவங்கள் நானே நிரப்பியவை. அவற்றின் வரிசை எண்கள் கீழே. நீங்கள் வகுப்பில் வாசித்த மூன்றும் அவற்றில் உண்டு. அனுப்பிவிட்டு, அனுப்பியது போயிற்றா என்று பார்த்தாள். பத்து நிமிடத்தில் மற்ற இருவருக்கும் சேர்த்தே பதில் வந்தது. "திங்கள் ஐந்து மணி. மூவரும்." அவ்வளவுதான். அந்த மூவரும் என்ற சொல்லைப் பார்த்தபோது மாப்பிள்ளையின் மாமனார் வீடு கண்முன் வந்தது. அதற்குமேல் மைக் எத்தனை முறை கூப்பிட்டான் என்பதை அவள் எண்ணவில்லை.

நாலரைக்குக் கட்டடக்காரர் வந்தார். தடித்த மனிதர், கையில் பிளாஸ்டிக் கோப்பு. "அம்மா எங்க?"

"வெளிய போயிருக்காங்க. வந்துடுவாங்க."

"லெட்டர் எழுதி வெச்சிருக்கறதாச் சொன்னாங்களே. குடுத்துட்டா நான் போயிடுவேன். அந்த மொபைல்காரன் ஆறு மணிக்கு வந்து நிப்பான், அவனுக்கு ஒரு பதில் சொல்லணும்."

இழுப்பறை கொஞ்சம் திறந்துதான் இருந்தது. உறையின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் பார்வையும் அங்கே போனது.

"அதானே அது?"

"இருக்கு சார். ஆனா நான் குடுக்கக் கூடாது."

"எழுதினது அவங்கதானே?"

"எழுதினப்போ அவங்களுக்குத் தெரிஞ்சது தப்பு" என்றாள். நகர்ந்து இழுப்பறைக்கு முன்னால் நின்றுகொண்டாள். "சரியானதைக் கேட்டுட்டு வரத்தான் போயிருக்காங்க. உக்காருங்க சார்."

"நீ யாரும்மா, புது ஆளா?"

"இல்ல சார். தப்பைச் சொன்ன ஆள்."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உட்கார்ந்து கோப்பால் விசிறிக்கொண்டார். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தெருவைப் பார்த்தாள். மொபைல்காரன் என்று நினைக்கத்தக்க ஒருவன் எதிர்ப்புறம் பைக்கை நிறுத்தி, கடையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தாள். தோளில் இரண்டு கனத்த போர்வைகள். மூச்சு வாங்கியது. போர்வைகளை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"முப்பத்தொரு கதவு" என்றாள், யாரைப் பார்த்தும் அல்ல. "பதினஞ்சு திறந்தது. துணி குடுக்க ஒருத்திக்கும் மனசில்ல, எல்லா வீட்டுலயும் மெஷின் ஓடுது. ஒருத்தி மட்டும் போர்வை மெஷின்ல அடங்கலைன்னா. நான் வாங்கிட்டு வந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு அவளும் ஒண்ணு குடுத்தா."

அட்டவணை வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதே." அக்கா தண்ணீர் குடித்தாள். "போர்வைக்காகக் கடையைத் தூக்கிட்டுப் போவாங்களா? வாரத்துல ஒரு நாள் நான் போனாப் பத்தாது?" பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "இந்த இருட்டுப் பொந்தை விட்டுப் போகணும்னு எனக்குத்தான் அரிப்பு. நீ எழுதினது அதுக்குச் சொறிஞ்சு விட்டுச்சு."

இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தாள். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். கட்டடக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ இருக்கீங்களா?"

"இருக்கேன். மூணு வருஷத்துக் காகிதத்தை எடுங்க. ஆனா இந்தச் சுவத்து ஈரத்துக்கு ஒரு வழி பண்ணாம கையெழுத்து கிடையாது."

"அதெல்லாம் உள்ளயே இருக்கும்மா" என்று அவர் கோப்பை நீட்டினார். நாலு பக்கம், நெருக்கி அடித்த எழுத்து.

அக்கா அதை வாங்கி, படிக்காமல், அட்டவணையின் முன்னால் வைத்தாள். கண்ணில் இன்னும் சூடு ஆறவில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. பி.காம் படிக்கற இல்ல? வியாபாரச் சட்டம்னு ஏதோ ஒரு பாடம் இருக்குமே. படிச்சுச் சொல்லு. அதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் சொல்லு."

அட்டவணை விளக்குக்குக் கீழே தாளைப் பிடித்தாள். முதல் பிரிவை வாசித்து, பொருள் சொன்னாள். இரண்டாவது. மூன்றாவதில் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருக்கு என்று இருந்தது. அதை இரண்டு முறை வாசித்து, "உள்சுவர் உங்க பொறுப்புன்னு போட்டிருக்குக்கா" என்றாள். அக்கா கட்டடக்காரரை முறைத்தாள்; அவர் கூரையைப் பார்த்தார். நான்காவது, ஐந்தாவது. ஆறாவது பிரிவில் நின்றாள். ஒரு வரி பாதிப் பக்கத்துக்கு நீண்டு கிடந்தது. வார்த்தைகள் தெரிந்தன, சேர்ந்து என்ன சொல்கின்றன என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லிவிடலாம், சொன்னால் பொருத்தமாகவே இருக்கும், அந்தக் கை அவளுக்கு உண்டு. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மறுபடியும் தெரியவில்லை.

"என்ன, நின்னுட்ட?"

"இது எனக்குப் புரியலக்கா."

அக்கா மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினாள். பிறகு நாற்காலியைக் கட்டடக்காரர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆறாவதுக்கு நீங்களே அர்த்தம் சொல்லுங்க. நிதானமாச் சொல்லுங்க. இவ எழுதிக்குவா."